காஸ்டியோ பாஸ்போர்ட்டில் பொய், ஆனால் ஆட்டம் செல்லும்: இது எப்படி?

வலது விங்

2026 உலகக் கோப்பைக் கால்பந்துக்கான தென் அமெரிக்கத் தகுதிச் சுற்றின் அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எக்குவடோர் 29 புள்ளியோடு இரண்டாம் இடம். ஆடி எடுத்தது 32. ஆரம்பத்திலேயே மூன்று புள்ளியைப் பிடித்துவிட்டார்கள். காரணம், ரைட் பேக் (வலது பக்கத் தடுப்பாட்டக்காரர்) பைரன் காஸ்டியோ.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2022 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் இவர் எக்குவடோருக்காக எட்டு ஆட்டம் ஆடினார். பாஸ்போர்ட்டில் இருந்தது 1998 நவம்பர் 10, எக்குவடோரின் பிளாயாஸ். சிலி சொன்னது 1995 ஜூலை 25, கொலம்பியாவின் துமாக்கோ. அதாவது வயதில் மூன்று வருடம் குறைப்பு, பிறந்த நாடும் வேறு. சிலியின் புகாரை ஃபிஃபா இரண்டு முறை தள்ளியது. உலகக் கோப்பை தொடங்கப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, 2022 நவம்பர் 8 அன்று, லொசானில் இருக்கும் விளையாட்டு நடுவர் மன்றம் தீர்ப்புச் சொன்னது. பாஸ்போர்ட்டில் உள்ள பிறந்த தேதியும் ஊரும் பொய். ஆனால் அவர் எக்குவடோருக்கு ஆடத் தகுதி உள்ளவர்தான். எக்குவடோர் கத்தாருக்குப் போகலாம். அடுத்த சுற்றில் மூன்று புள்ளி குறையும்.

அந்த எட்டு ஆட்டத்தில் இரண்டு சிலிக்கு எதிரானவை. ஒன்று 0-0, இன்னொன்று சாண்டியாகோவில் எக்குவடோர் 2-0 வெற்றி. இரண்டையும் சிலிக்குக் கொடுத்திருந்தால் ஐந்து புள்ளி கூடி, நேரடித் தகுதி தரும் நான்காம் இடம் சிலிக்கு வந்திருக்கும். பொய் என்று எழுதிய அதே கையால் ஆட்டம் செல்லும் என்று எழுதியது எப்படி? சட்டம் தெரிந்தவர்கள் யாராவது விளக்குங்கள்.

ஆஃப்சைடு அய்யாக்கண்ணு

சிலிக்காக மட்டும் அழாதீர்கள். அவர்கள் இதே மாதிரி ஒரு புகார் கொடுத்து மாட்டிக்கொண்ட கதை ஒன்று இருக்கிறது. டீ குடித்துவிட்டு வந்து சொல்கிறேன்.

சட்டப் பெஞ்சு

வலது விங், இதில் இரண்டு கேள்வி கலந்து கிடக்கிறது.

முதல் கேள்வி, இவர் எக்குவடோர் குடிமகனா? அதைச் சொல்ல வேண்டியது எக்குவடோர் அரசு. 2021-இல் அந்த நாட்டு நீதிமன்றமே இவரைக் குடிமகன் என்று உறுதி செய்துவிட்டது. அதற்குப் பிறகுதான் தேசிய அணியில் எடுத்தார்கள். ஒரு நாடு தன் ஆள் என்று சொல்பவரை, சுவிட்சர்லாந்தில் உட்கார்ந்திருக்கும் நடுவர்கள் உன் ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. ஆகவே அவர் ஆடியது செல்லும், ஆட்டங்களின் முடிவும் செல்லும்.

இரண்டாவது கேள்வி, எக்குவடோர் கால்பந்து சங்கம் பயன்படுத்திய ஆவணத்தில் இருப்பது உண்மையா? இல்லை. பொய்த் தகவல் உள்ள ஆவணத்தைப் பயன்படுத்தினால் சங்கம் பொறுப்பு என்று ஃபிஃபாவின் ஒழுங்கு விதிகளில் இருக்கிறது. அதற்குத்தான் மூன்று புள்ளியும் 1,00,000 சுவிஸ் பிராங்க் அபராதமும். அது சங்கத்துக்கான தண்டனை, அதனால் முடிந்துபோன ஆட்டங்களைத் தொடவில்லை.

வலது விங்

அண்ணா, அவர் குடிமகன் ஆனதே எக்குவடோரில் பிறந்தவர் என்ற பொய்யை வைத்துத்தானே? திருட்டு நகைக்கு ரசீது இருந்தால் போதும் என்கிற மாதிரி இருக்கிறது.

சட்டப் பெஞ்சு

ரசீது போட்டுக் கொடுத்தது அரசாங்கம். அதைக் கிழிக்கிற அதிகாரமும் அரசாங்கத்துக்குத்தான். அவர்கள் கிழிக்கவில்லை. சிலியின் வக்கீல்கள் இந்தச் சுவரில்தான் முட்டிக்கொண்டார்கள்.

இன்னொன்றும் யோசியுங்கள். சீனியர் அணிக்கு வயது வரம்பே கிடையாது. 2018-இல் எகிப்து கோல்கீப்பர் எஸ்ஸாம் எல் ஹதாரி 45 வயதில் உலகக் கோப்பை ஆடி, சவுதிக்கு எதிராக ஒரு பெனால்டியையும் தடுத்தார். காஸ்டியோ 23 என்றாலும் 26 என்றாலும் சிலிக்கு எதிராக ஆடிய அன்று விதிப்படி ஒரு வித்தியாசமும் இல்லை. வயதுப் பொய்யின் லாபம் எல்லாம் அதற்கு முன்பே, சிறுவர் அணிகளில் வாங்கி முடித்தாகிவிடும். சீனியருக்கு வரும்போது அது பழைய கணக்கு.

மண்தரை கோச்

சட்டப் பெஞ்சு சார் கடைசியில் சொன்னதுதான் விஷயமே. நான் ஒரு மாவட்டத்தில் சிறுவர் அணிகளைப் பார்த்துக்கொள்கிறவன். பிறப்புச் சான்றிதழைக் கையில் வாங்கினால் நான் முதலில் பிறந்த தேதியைப் பார்ப்பதில்லை, பதிவு செய்த தேதியைத்தான் பார்ப்பேன். பிறந்தது 2011 என்று இருக்கும், பதிவு 2022 என்று இருக்கும். ஒரு வருடத்துக்கு மேல் தாமதம் என்றால் அதிகாரியின் உத்தரவு வேண்டும். அதையும் வாங்கி, லேமினேஷன் போட்டு எடுத்து வருகிறார்கள். சீல் அசல், கையெழுத்து அசல், தேதி மட்டும் பொய். காஸ்டியோ கதை எனக்கு ஆச்சரியமே இல்லை.

14 வயதுக்குட்பட்டோர் போட்டி ஒன்றில் எதிர் அணியின் சென்டர் பேக்குக்குத் தாடை பச்சையாக இருந்தது, அன்று காலையில்தான் ஷேவ் செய்திருக்கிறான். எங்கள் பையன் ஒருவன் அவன்மேல் மோதி விழுந்து எழுந்திரிக்கவே நேரமானது. நான் புகார் எழுதிக் கொடுத்தேன். சான்றிதழ் சரியாக இருக்கிறது என்று அரை மணி நேரத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அதே பையன் டீக்கடைக்காரரிடம் ஐடிஐ இரண்டாம் வருடம் படிப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவனை ஆட வைத்த பெரியவர்கள் ரெண்டு பேர் பக்கத்திலேயே பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், அவர்கள்மேல்தான் வந்தது.

இதில் ஏமாந்தவன் யார் என்று கேட்டால் எல்லாரும் தோற்ற அணி என்பார்கள். என் கணக்கில் ஏமாந்தவன் அந்த அணியிலேயே இடம் கிடைக்காமல் போன ஒரு நிஜப் பதின்மூன்று வயதுப் பையன். அவன் பெஞ்சில்கூட இருந்திருக்க மாட்டான்.

பந்துப் பித்தன்

கோச் சார், இங்கே இதெல்லாம் சின்ன அளவு. ஆப்பிரிக்க அணிகளில் இது ரொம்ப சகஜம். 2023 ஜனவரியில் கேமரூனின் 17 வயதுக்குட்பட்ட அணியில் 30 பேருக்கு வயதைப் பார்க்க ஸ்கேன் எடுத்தால் 21 பேர் தேறவில்லை. பழைய ஆட்டக்காரர் எட்டோ அந்த நாட்டுச் சங்கத்தின் தலைவராக வந்தபிறகு அவரே உத்தரவு போட்டுத்தான் எடுத்தார்கள்.

மட்டுறுத்துநர்

மேலே உள்ள பதிவில் ஒரு கண்டத்தையே இழுத்துப் பேசிய இரண்டு வரிகளை நீக்கியிருக்கிறேன். மீதியைத் தொடருங்கள்.

பழைய பந்து

தம்பி பித்தன், இந்த விஷயத்தில் உலகத்திலேயே பெரிய தண்டனை வாங்கிய நாடு ஆப்பிரிக்காவில் இல்லை. மெக்ஸிகோ.

1988 ஏப்ரலில் குவாத்தமாலாவில் 20 வயதுக்குட்பட்டோருக்கான தகுதிப் போட்டி நடந்தது. அடுத்த வருடம் சவுதியில் நடக்க இருந்த உலக இளையோர் போட்டிக்கானது. மெக்ஸிகோ அணியில் நாலு பேர் வயது கடந்தவர்கள். பிடிபட்ட விதம்தான் வேடிக்கை. உளவாளியும் இல்லை, ஸ்கேனும் இல்லை. மெக்ஸிகோ சங்கமே அச்சடித்து வெளியிட்ட ஆண்டு மலரில் அந்த நாலு பேருடைய நிஜப் பிறந்த தேதியும் இருந்தது! அந்தோனியோ மொரேனோ என்ற பத்திரிகையாளர் அதை எடுத்து எழுதினார். முதலில் சங்கம் அலட்டிக்கொள்ளவில்லை. விஷயம் ஃபிஃபாவுக்குப் போனது. மெக்ஸிகோவின் எல்லா அணிகளுக்கும் இரண்டு வருடத் தடை. பையன்கள் அணி செய்த தப்புக்குச் சியோல் ஒலிம்பிக்கும் போனது, 1990 இத்தாலி உலகக் கோப்பையும் போனது.

அந்த 1989-90 சீசனில்தான் ஹூகோ சான்செஸ் ரியல் மாட்ரிட்டுக்காக லீகில் 38 கோல் போட்டார். உலகக் கோப்பைக்குப் போக அவருக்கு அணியே இல்லை. மெக்ஸிகோ இல்லாத சுற்றில் கோஸ்டாரிகா முதல்முறையாகவும், அமெரிக்கா 40 வருடத்துக்குப் பிறகும் உள்ளே வந்தார்கள்.

ஆப்பிரிக்காவிலும் நடந்திருக்கிறது, மறுக்கவில்லை. 1989-இல் நைஜீரியாவின் இளையோர் அணிகளுக்கு இரண்டு வருடத் தடை விழுந்தது. ஒரே ஆளுக்கு ஒரு போட்டியில் ஒரு பிறந்த தேதி, இன்னொரு போட்டியில் வேறு தேதி. 1991 உலக இளையோர் போட்டியை நடத்தும் வாய்ப்பும் அவர்களிடமிருந்து போர்ச்சுகலுக்குப் போனது. ஆனால் பிறப்பைப் பதிவதே அரிதாக இருக்கும் ஊரில் தேதி தெரியாமல் இருப்பது வேறு, ஆண்டு மலரில் தேதியை அச்சடித்துவிட்டு மறைப்பது வேறு. நம் ஊரில் என் வயதுக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்குப் பிறந்தநாள் மே, ஜூனில் இருக்கும், பள்ளியில் சேர்க்கும்போது தலைமை ஆசிரியர் போட்ட தேதி. நாங்கள் யாரும் கால்பந்து ஆடி மாட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

பந்துப் பித்தன்

சரி ஐயா, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இப்போதுதான் ஸ்கேன் வந்துவிட்டதே. சான்றிதழை ஓரமாக வைத்துவிட்டு எல்லாரையும் ஸ்கேனில் படுக்க வைத்தால் பிரச்சினை தீர்ந்தது.

ஸ்கேன் ரூம்

தீராது. நான் எம்ஆர்ஐ பிரிவில் டெக்னீஷியன், தினமும் இந்த மெஷினோடுதான் வாழ்க்கை. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

ஃபிஃபா பார்ப்பது மணிக்கட்டை. ஆளைக் குப்புறப் படுக்க வைத்து, ஒரு கையைத் தலைக்கு மேலே நீட்டச் சொல்வோம். மணிக்கட்டைச் சுற்றி ஒரு சின்ன ‘காயில்’ (சிக்னலைப் பிடிக்கும் கருவி) வைப்போம். அசையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான், வலி எதுவும் இல்லை. முன்கையில் இருக்கும் ஆரை எலும்பின் கீழ் முனையில் வளரும் வயதில் ஒரு குருத்தெலும்புக் கோடு தெரியும். வயது ஏற ஏற நடுவிலிருந்து அது எலும்பாகி மூடிக்கொண்டே வரும். மூடிய அளவை வைத்து ஆறு நிலை. ஆறாவது என்றால் கோடே இல்லை, முழுக்க ஒட்டிவிட்டது. 17 வயது முடியாத பையனுக்கு அப்படி முழுக்க ஒட்டியிருப்பது நூற்றில் ஒருவருக்குக்கூட இருக்காது என்பதுதான் கணக்கு. ஆறாவது நிலை தெரிந்தால் வெளியே. எக்ஸ்ரேயில் வைக்காமல் எம்ஆர்ஐயில் வைத்ததற்குக் காரணம், வியாதி இல்லாத பையன்களுக்குக் கதிர்வீச்சு கொடுக்கக் கூடாது என்பது. 2009-இல் நைஜீரியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது.

இனி இதில் உள்ள ஓட்டையைப் பாருங்கள். இது பிறந்த தேதியைச் சொல்லாது. கோடு மூடிவிட்டதா, இல்லையா, அது மட்டும்தான் சொல்லும். சிலருக்கு 18, 19 வயதிலும் லேசாகத் திறந்திருக்கும், அவர்கள் சுலபமாகத் தப்பிப்பார்கள். 20 வயதுக்குட்பட்ட போட்டிக்கு இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, 23-க்குக் கேட்கவே வேண்டாம். பெண்களுக்குச் சீக்கிரமே மூடிவிடும், அதனால் இந்த அளவுகோல் அவர்களுக்குப் பொருந்தாது. காஸ்டியோவை 2022-இல் கொண்டுவந்து படுக்க வைத்தால் நான் என்ன சொல்ல முடியும்? வளர்ந்த ஆண், மணிக்கட்டு நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். 23-ஆ, 26-ஆ என்று எந்த மெஷினும் சொல்லாது.

மண்தரை கோச்

மேடம், நம் ஊரில் எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது என்று போட்டுக் கொடுக்கிறார்களே, அது?

ஸ்கேன் ரூம்

அது வேறு முறை சார். இடது கையின் எலும்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்து மார்க் போட்டுக் கூட்டுவது. சின்னப் பையன்களுக்கு ஓரளவு உதவும். ஆனால் எலும்பு வயதும் பிறந்த வயதும் ஒன்றாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது, நிஜமாகவே 13 வயது ஆன பையனுக்கு எலும்பு 14 என்று காட்டலாம். பொய் சொல்லாத பிள்ளை அழுதுகொண்டே வெளியே போனதையும் பார்த்திருக்கிறேன். அந்த அம்மா ரிப்போர்ட்டை மாற்றித் தரச் சொல்லி என்னிடம் கெஞ்சியது இன்னும் சங்கடமாக இருக்கிறது.

வடமராட்சியான்

கோச் அண்ணை சொன்ன பெரியவர்கள் கதைக்கு ஐரோப்பாவில் ஒரு சரியான உதாரணம் இருக்கிறது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் அணியில் சிலாஸ் வமங்கிட்டுக்கா என்று ஒரு கொங்கோப் பெடியன், நல்ல வேகம். 2021 ஜூனில் தானே முன்வந்து சொன்னார், என் பெயர் அது இல்லை, சிலாஸ் கட்டோம்பா ம்வும்பா, வயதும் ஒன்று கூட. 1999 என்று இருந்தது உண்மையில் 1998. ஐரோப்பாவுக்கு வந்த புதிதில் அவரை வைத்திருந்த முகவர்தான் ஆவணங்களை மாற்றினார், அந்த ஆளை மீறி அவரால் ஒன்றும் செய்ய முடியாமல் இருந்தது என்று கழகம் சொன்னது. முகவரை மாற்றியபிறகுதான் வாய் திறந்தார். ஜெர்மன் சங்கம் மூன்று மாதத் தடையும் 30,000 யூரோ அபராதமும் போட்டது. அவர் ஆடிய ஆட்டங்களைத் தொடவில்லை.

ஒரு வயதுக்காக இவ்வளவு ஏன் என்று கேட்பீர்கள். பத்தொன்பது வயதுப் பெடியனுக்கும் இருபது வயதுப் பெடியனுக்கும் சந்தையில் விலை ஒன்றா? பெயரையும் மாற்றிவிட்டால் அவனுடைய பழைய கழகம் பயிற்சிக் காசு கேட்டும் வர முடியாது. உதைபந்தாட்டத்தில் வயதைக் கூட்டிச் சொன்ன ஆளை நான் இன்னும் கேள்விப்படவில்லை.

ஆஃப்சைடு அய்யாக்கண்ணு

டீ முடிந்தது. சிலி கதைக்கு வருவோம்.

2016 செப்டம்பர். பொலிவியா இரண்டு ஆட்டத்தில் நெல்சன் கப்ரேரா என்ற டிஃபெண்டரைக் கடைசியில் இறக்கியது. பெருவை 2-0 என்று ஜெயித்தார்கள், சிலியோடு 0-0. கப்ரேரா பராகுவேயில் பிறந்தவர். பொலிவியாவில் ஐந்து வருடம் வாழ்ந்திருக்க வேண்டும் என்ற விதி அவருக்கு நிறைவேறவில்லை. சிலி மோப்பம் பிடித்துப் புகார் கொடுத்தது. ஃபிஃபா இரண்டு ஆட்டத்தையும் பொலிவியாவுக்கு 3-0 தோல்வி என்று ஆக்கியது. சிலிக்கு இரண்டு புள்ளி லாபம். சாண்டியாகோவில் கொண்டாட்டம். ஆனால் அதே தீர்ப்பில் பெருவுக்கு மூன்று புள்ளி!

2017 அக்டோபரில் சுற்று முடிந்தபோது பெரு 26, சிலி 26. கோல் வித்தியாசத்தில் பெரு ஐந்தாம் இடம், சிலி ஆறு. அந்தப் புகாரே இல்லாமல் இருந்திருந்தால் சிலி 24, பெரு 23. பிளேஆஃபுக்கு (ஐந்தாம் இடத்துக்குக் கிடைக்கும் கூடுதல் தகுதி ஆட்டம்) சிலி போயிருக்கும். பெரு நியூஸிலாந்தை ஜெயித்து 1982-க்குப் பிறகு முதல்முறையாக உலகக் கோப்பைக்குப் போனது. புகார் எழுதிய சிலி வக்கீலுக்கு லிமாவில் ஒரு சிலை வைத்திருக்கலாம்.

வலது விங்

ஐயோ, இது தெரியாது! அதற்கப்புறமும் 2022-இல் திரும்ப வக்கீலைத் தேடிப் போனார்களா?

சட்டப் பெஞ்சு

போனார்கள். ஆனால் கப்ரேராவையும் காஸ்டியோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்கள் முதல் கேள்விக்குப் பதில் வந்துவிடும். கப்ரேரா எந்தத் தாளிலும் பொய் சொல்லவில்லை. பொலிவியக் குடியுரிமை நிஜம், பெயர் நிஜம், வயது நிஜம். வாழ்ந்த வருடம்தான் போதவில்லை. ஆட்டம் பறிபோனது. காஸ்டியோவுக்குத் தாளில் பொய், ஆட்டம் நின்றது. சாதாரண மனுஷனுக்கு இது தலைகீழாகத்தான் தெரியும். எனக்கும் பிடிக்கவில்லை. மூன்று புள்ளி என்பது எக்குவடோர் மாதிரி அணிக்கு ஒரு ஆட்டத்தின் விலை, உலகக் கோப்பைக்குப் போன பணத்தோடு ஒப்பிட்டால் சில்லறை. குறைந்தது அந்தச் சுற்றிலேயே குறைத்திருக்க வேண்டும். மெக்ஸிகோவுக்குப் போட்டது ஒரு எல்லை, இது இன்னொரு எல்லை.

அந்த ஐந்து வருட விதி எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் கேள்வியே கிடையாது. லூயிஸ் மோன்டி 1930 இறுதி ஆட்டத்தை அர்ஜென்டினாவுக்கும் 1934 இறுதி ஆட்டத்தை இத்தாலிக்கும் ஆடினார். புஷ்காஷ் ஹங்கேரிக்கு ஆடிவிட்டு 1962-இல் ஸ்பெயினுக்கு ஆடினார். பிறகு ஒரு சீனியர் அணி, ஒரே அணி என்று இறுக்கினார்கள். 2004-இல் கத்தார், ஜெர்மனியில் ஆடிக்கொண்டிருந்த பிரேசில்காரர்களைப் பணம் கொடுத்துக் குடிமக்கள் ஆக்கப் பார்த்தது. ஐல்டன் பெயர்தான் பெரிதாக அடிபட்டது. ஃபிஃபா உடனே விதி போட்டது. அங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லை பெற்றோரோ தாத்தா பாட்டியோ அங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லை இரண்டு வருடம் வாழ்ந்திருக்க வேண்டும். 2008-இல் அந்த இரண்டை ஐந்தாக்கினார்கள், அதுவும் 18 வயதுக்குப் பிறகான ஐந்து.

கிள்ளான் ரசிகன்

தாத்தா பாட்டி என்று சொன்னீர்கள், எங்கள் வயிற்றெரிச்சலைக் கிளப்பிவிட்டீர்கள்.

2025 ஜூன் 10, புக்கிட் ஜாலில் அரங்கம். மலேசியா 4, வியட்நாம் 0. வியட்நாமை இப்படி அடித்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று நாங்கள் எல்லாம் ஒரே கூச்சல். அதில் முதல் இரண்டு கோலும் போட்டவர்கள் புதிதாக வந்த வெளிநாட்டு ஆட்டக்காரர்கள். செப்டம்பரில் ஃபிஃபா அறிவித்தது, அவர்களையும் சேர்த்து ஏழு பேருடைய தாத்தா பாட்டியின் பிறப்புப் பத்திரம் திருத்தப்பட்டது. பினாங்கு என்றும் மலாக்கா என்றும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஃபிஃபா நேராக அந்தந்த ஊரிலிருந்தே அசல் பத்திரத்தை வாங்கிப் பார்த்தால் அர்ஜென்டினா, பிரேசில், ஸ்பெயின், நெதர்லாந்து. ஏழு பேருக்கும் பன்னிரண்டு மாதத் தடை, ஆளுக்கு 2,000 பிராங்க். மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 3,50,000. நவம்பரில் மேல்முறையீடும் தள்ளுபடி.

என் கோபம் கோலைப் பற்றியது இல்லை. தோட்டத்தில் பிறந்து, பத்திரம் எடுக்காமல் விட்டதால் சிவப்பு ஐசியோடு (குடியுரிமை இல்லாதவருக்கான அடையாள அட்டை) காலம் தள்ளும் நம் கிழவர்கள் எத்தனை பேர். குடிமகனுக்கான ஒரு நீல ஐசிக்கு இருபது, முப்பது வருடம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குகிறார்கள். நிஜமாகவே இங்கே பிறந்த கிழவிக்குத் தாள் இல்லை, இங்கே கால் வைக்காத கிழவிக்குப் பினாங்கில் பிறந்ததாகத் தாள் இருக்கிறது. எங்கள் பழைய மலேசிய நட்சத்திரங்கள் ஆறுமுகமும் சந்தோக் சிங்கும் ஆடிய சட்டை இது.

பழைய பந்து

கிள்ளான் தம்பி, உங்கள் பக்கத்திலேயே கிழக்குத் திமோர் இதை முன்பே செய்து பார்த்தது. பிரேசிலில் பிறந்த பன்னிரண்டு பேருக்குப் பொய்யான பிறப்பு, ஞானஸ்நானச் சான்றிதழ். 2017-இல் ஆசிய சங்கம் கண்டுபிடித்து, 2023 ஆசியக் கோப்பையிலிருந்தே தள்ளி வைத்தது. பாடம் பக்கத்து வீட்டில் இருந்தது, யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

பந்துப் பித்தன்

இந்தியாவில் இந்தத் தாத்தா பாட்டி வழியே கிடையாது, பாஸ்போர்ட் இருந்தால்தான் ஆடலாம். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினர் ஆட முடியாது. பெங்களூரு அணியின் ரயன் வில்லியம்ஸ் 2025-இல் ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டுத்தான் இந்தியர் ஆனார், அவர் அம்மா மும்பையில் பிறந்தவர். கஷ்டமான வழி, ஆனால் யாரும் பாட்டியைத் திருத்த வேண்டியதில்லை.

ஆஃப்சைடு அய்யாக்கண்ணு

தாளே சரியாக இருந்தும் பதினோரு வருடம் தப்பாக ஆடிய ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எமிலியோ என்சுவே, எக்குவடோரியல் கினி. சின்ன வயதில் ஸ்பெயின் இளையோர் அணிகளுக்கு ஆடியவர். 2013 மார்ச்சில் கேப் வெர்டேவுக்கு எதிராக ஹாட்ரிக். ஃபிஃபா, இவர் தகுதி இல்லாதவர் என்று ஆட்டத்தைக் கேப் வெர்டேவுக்குக் கொடுத்துவிட்டது. அப்புறம்? தொடர்ந்து ஆடினார்! கேப்டன் ஆனார். 2024 தொடக்கத்தில் ஆப்பிரிக்கக் கோப்பையில் ஐந்து கோல் போட்டு, 34 வயதில் அதிக கோல் விருதையும் வாங்கினார். அந்த மே மாதம் ஃபிஃபா முழித்துக்கொண்டு ஆறு மாதத் தடை போட்டது. அவர் கோலால் 1-0 என்று ஜெயித்த இரண்டு உலகக் கோப்பைத் தகுதி ஆட்டங்களும் போயின.

2013-இல் இலவசமாக ஆட்டம் வாங்கிய கேப் வெர்டே கதை அதைவிட. அதே ஆட்டத்தில் அவர்களுடைய ஃபெர்னாண்டோ வரேலாவுக்குத் தடை விழுந்திருந்தது. செப்டம்பரில் துனிசியாவுக்கு எதிராகத் தடை முடியாமலேயே இறக்கிவிட்டார்கள். 2-0 என்று ஜெயித்து அடுத்த சுற்றுக்குப் போனவர்களை 0-3 என்று ஆக்கி வெளியே அனுப்பினார்கள். சிலை வைக்க இன்னொரு வக்கீல்.

வடமராட்சியான்

சட்டப் பெஞ்சு அண்ணையிடம் ஒரு சொந்தக் கேள்வி. அக்காவின் மகன் நோர்வேயில் பிறந்தவன், இப்போது பதினேழு. நோர்வேயின் 17 வயதுக்குட்பட்ட அணிக்கு ஆடியிருக்கிறான், ஐரோப்பியத் தகுதிகாண் ஆட்டங்களும் அதில் உண்டு. இலங்கை அணியில் இப்போது வெளிநாட்டில் பிறந்த பெடியன்கள் ஆடுகிறார்கள், சுவீடனில் பிறந்த ஆதவன் ராஜமோகன் கூட ஆடுகிறார். இவனும் பிறகு இலங்கைக்கு ஆட முடியுமா, அல்லது நோர்வேயோடு முடிந்ததா? சில பேர் முடிந்தது என்கிறார்கள்.

சட்டப் பெஞ்சு

நோர்வேயோடு முடிந்துவிடவில்லை, வழி உண்டு. நட்பு ஆட்டம் மட்டும் என்றால் கணக்கிலேயே வராது. தகுதிகாண் ஆட்டம் ஆடியதால் ஃபிஃபாவிடம் அணி மாற்றம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும், ஒரு முறைதான் கிடைக்கும். அந்த ஆட்டங்களை ஆடும்போதே இலங்கைக் குடியுரிமை இருந்திருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டாலும், நோர்வேக்குக் கடைசியாக ஆடியபோது 21 நிறையாமல் இருந்தால் வழி உண்டு. ஆகவே 21-க்குப் பிறகு நோர்வேயின் இளையோர் அணிக்குக் கூப்பிட்டால் யோசித்துப் போகச் சொல்லுங்கள்.

சீனியர் அணிக்கு ஆடிவிட்டால் கதை இறுகும். 2020 வரை ஒரே ஒரு போட்டி ஆட்டம் ஆடினாலும் முடிந்தது. முனீர் எல் ஹத்தாதி 2014-இல் ஸ்பெயினுக்குக் கடைசிக் கால் மணி நேரம்போல இறங்கினார், அதற்காக மொராக்கோவுக்கு ஆட முடியாமல் 2021 வரை காத்திருந்தார். இப்போது மூன்று ஆட்டம் வரை மன்னிப்பு உண்டு. ஆனால் அவை 21-க்கு முன் ஆடியவையாக இருக்க வேண்டும், மூன்று வருடம் கழிந்திருக்க வேண்டும், உலகக் கோப்பையோ யூரோவோ ஆடியிருக்கக் கூடாது.

உங்கள் மருமகனுக்கு முக்கியமானது தாள். பிறந்தபோது இலங்கைத் தூதரகத்தில் பதிந்தார்களா? இல்லை என்றால் குடியுரிமை இலங்கைச் சட்டப்படி எடுக்க வேண்டும், அதைக் கொழும்பில் கேளுங்கள். ஃபிஃபாவுக்கு அவன் அம்மா இலங்கையில் பிறந்தவர் என்று காட்ட வேண்டும்.

வடமராட்சியான்

அதுதான் சிக்கல். அக்காவின் பிறப்புச் சான்றிதழ் இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. ஒரு சத்தியக் கடதாசிதான் வீட்டில் இருக்கிறது.

சட்டப் பெஞ்சு

சத்தியக் கடதாசியை நம்பி இறங்காதீர்கள். பதிவாளர் அலுவலகத்தில் பழைய பதிவேடு இருந்தால் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம், முதலில் அதற்கு ஆள் அனுப்புங்கள். கிடைத்தால் ஒரு பிரதி உங்கள் கையிலேயே இருக்கட்டும். பிறகு சங்கம் ஃபிஃபாவுக்கு எதை அனுப்புகிறது என்று கேட்டு வாங்கி, ஒவ்வொரு பக்கமாகப் படித்துப் பாருங்கள். மலேசியாவில் தடை விழுந்தது ஆடியவர்கள் மேலும்தான்.

வடமராட்சியான்

சரி அண்ணை. மாமா இப்போது யாழ்ப்பாணத்தில்தான் நிற்கிறார், திங்கட்கிழமை கச்சேரிக்கு (மாவட்டச் செயலகம்) போகச் சொல்கிறேன்.